எங்கள் தெருவுக்கு மூன்று தூண்

இரண்டாம் பூசைக்கு வந்து, மண்டியிட முடியாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து சமாளிக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் படிக்கட்டும், தடையில்லை. ஆனால் அவர்களுக்கு நேரம் இருக்காது. நமக்கு நேரம் இருக்கிறது, முழங்கால்தான் இல்லை.

போன மாதம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் வரவேற்புக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்று பேசினார்கள். கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு மாதம் வருகிறார்கள், மூன்றாம் மாதம் காணோம் என்று சின்னச் சாமியாருக்குக் கவலை. நியாயமான கவலைதான். வாசலில் ரோஜாப்பூ கொடுக்கலாம் என்றார் ஒருவர். பூசை முடிவில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டலாம் என்றார் இன்னொருவர். பைக்குள் ஜெபமாலையும் பிஸ்கட் பாக்கெட்டும் போட்டுத் தரலாம் என்று ஒரு பெண் சொன்னதை எல்லோரும் ஆமோதித்தார்கள். மூத்தவர்கள் ஏதாவது சொல்லுங்கள் என்று சின்னச் சாமியார் என் பக்கம் திரும்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் நாம் செய்து பார்த்தாயிற்று. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசுகாலம் முழுக்க, ஒரே ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பலமாகச் செய்தோம். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெம்பில்லை. உட்கார்ந்து எழுதலாம் போலிருக்கிறது.

கன்னியர் பள்ளிக்கூடத்தில் நான் நான்காவது படித்த வருஷம் அது. வருஷத்தின் நடுவில் என் பெஞ்சுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஒரே வாரத்தில் எனக்குச் சிநேகிதியாகிவிட்டாள். அவள் அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்து, மேற்கே ஏதோ கிராமத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நிலத்தில் வேலை செய்து பழகியவர்கள். மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அந்தச் சந்தில் நம் வேதக்காரர்கள் ஒரு வீடுகூடக் கிடையாது. அவர்கள் இந்துக்கள்.

சிநேகிதியைக் கூட்டிப் போக அவள் அம்மா தினமும் சீக்கிரமே வந்துவிடுவார். பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே மதிலுக்குள் இருந்ததால், மணி அடிக்கும்வரை கோயிலுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மாதா சபைப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. வெயிலுக்கு ஒதுங்கி வந்தவருக்குக் கேட்டுக் கேட்டே பாதி மந்திரம் வாயில் வந்துவிட்டது. ஒருநாள் என் அம்மாவின் பக்கத்தில் வந்து, “அக்கா, நானும் வரலாமா?” என்று கேட்டார். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லும்போது அழுதாள். சந்தோஷ அழுகை. எங்கள் பங்கில் அப்படித் தானாக வந்து யாரும் கேட்டதில்லை.

கேட்ட மறு ஞாயிறே பங்குச் சாமியார் அவர்களைப் பீடத்துக்கு முன்னால் நிற்கவைத்து, வேதத்தில் சேர வந்திருக்கிறார்கள் என்று அறிவித்தார். சிநேகிதியின் அம்மா வெளிர்மஞ்சள் புடவையில் தலைகுனிந்து நின்றார். மகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் அப்பா வரவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட். ஆனால் பெண்சாதியையும் மகளையும் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, மில் சங்கு ஊதுவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்று மிதித்துக்கொண்டு போவார். கேரியரில் ஒரு கோணிச்சாக்கை நான்காக மடித்துக் கட்டியிருப்பார், உட்காருகிறவருக்கு வலிக்கக் கூடாதென்று. அந்தச் சாக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் அவரைப் பற்றி எங்கள் பங்கே பேசியதைக் கேட்டபோது அந்தச் சாக்கு என் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாஸ்கா ஞாயிறு, இப்போது ஈஸ்டர் என்கிறார்களே, அன்று காலைப் பூசையில் தாய்க்கும் மகளுக்கும் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஞானத்தாயாக என் அம்மா நிற்பதாக ஏற்பாடு. அன்றிலிருந்து எங்கள் பங்கு அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. வாரம் ஒரு வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டிலிருந்த மதாம், அவர்தான் மாதா சபைத் தலைவி, புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தன் அலமாரியிலிருந்து லேஸ் முக்காடு ஒன்றை எடுத்து அந்த அம்மாவின் தலையில் தன் கையாலேயே போட்டுவிட்டார். ரொட்டிக் கடைக்காரர் சனிக்கிழமைதோறும் நீட்ட ரொட்டி இரண்டு கொடுத்தனுப்பினார். பழைய கவுன்கள், பழைய புடவைகள், பழைய பாத்திரம். என் கவுன் ஒன்றும் போயிற்று. அதைப் போட்டுக்கொண்டு சிநேகிதி பள்ளிக்கூடம் வந்த அன்று நாங்கள் இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியும் சேர்த்துக் கொடுத்தார்கள். நீ எப்படியம்மா இந்தப் பக்கம் வந்தாய்? எல்லோருக்கும் ஒரு புதுமை வேண்டியிருந்தது. தீராத நோய் தீர்ந்தது, கனவில் மாதா வந்தார் என்று ஏதாவது. வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, நோய் நொடி ஏதாவது இருந்ததா என்று தூண்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க. வெயிலா இருந்துது, உள்ள வந்தேன். கேக்க நல்லா இருந்துது.”

உபதேசியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அவருக்கு ஏமாற்றம். இரண்டு வாரத்துக்குள் சிநேகிதிக்கு எப்போதோ வந்த காய்ச்சல் ஒன்றைக் கண்டுபிடித்து, அது எங்கள் மாதாவால்தான் இறங்கியது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா முதலில் மறுத்தார். அப்புறம் சிரித்தார். அப்புறம் பேசாமல் இருந்துவிட்டார். அப்போது எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் அவர் அலுத்துப்போயிருந்தார் என்று தெரிகிறது. இந்த வயதில் எனக்கு அந்த முகம் நன்றாகப் புரிகிறது.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு துணிப்பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தார். ஊரில் அவருடைய அண்ணன் நிலத்தில் அன்று காலையில் பிடுங்கியது. மண் காயவில்லை. பையைத் திறந்ததும் மழை பெய்த வாசனை கூடமெல்லாம் வந்தது. நான் கையைவிட்டு அள்ளினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, “எதுக்கும்மா ஒனக்கு வீண் சிரமம்? நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க” என்றாள். நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னாள். மரியாதைக்குக் கைப்பிடிக் கடலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தின் மேலேயே இரண்டு படி அரிசியைக் கொட்டி, பையைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அரிசியிலிருந்து கடலையைப் பொறுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவது நமக்குத் தெரிந்த விஷயம்தான். பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை கோயில் கழுவுவது. இப்போது மெஷின் வந்து அரைமணியில் துடைத்துவிட்டுப் போகிறது. அப்போது நாமே கழுவினோம். இருந்த பத்துப் பெஞ்சுகளை ஆண்கள் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். அப்புறம் மத்தியானம்வரை பெண்கள் ராஜ்யம். கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாறும். சோடா உப்பு வாசனை, ஈரச் சுண்ணாம்பு வாசனை, வௌவால் புழுக்கையின் நாற்றம். மெழுகுவர்த்தித் தண்டுகளின் அடியில் உறைந்த மெழுகைச் சுரண்ட மரப்பிடி போட்ட தகடு ஒன்று இருந்தது. அதற்காகச் சின்னப் பெண்கள் அடித்துக்கொள்வோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால்வரை தெரிய, மாமியார் மருமகள் வித்தியாசமில்லாமல் பெண்கள் கத்திச் சிரிக்கிற ஒரே நாள் அதுதான்.

கோயிலில் தூண்கள் தெருக்கணக்கில் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தெருவுக்கும் அதனதன் தூண்களும் அவற்றைச் சுற்றியுள்ள தரையும். யார் பிரித்தார்கள், எப்போது பிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கு இடதுபக்கம் மூன்று தூண். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் தூணைத் தொட்டால் சண்டை வரும். தன் தூண் பளிச்சென்று இல்லையென்றால் வருஷம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும்.

அன்று சிநேகிதியின் அம்மா காலையிலேயே வந்துவிட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஜெபமாலை நேரத்தில் பெண்கள் பேசியதைக் கேட்டிருப்பார். கையில் புதுத் தென்னந்துடைப்பம். ஈர்க்கு பச்சையாகவே இருந்தது. புடவையை வீட்டிலிருந்தே தூக்கிச் செருகிக்கொண்டு வந்திருந்தார். நேராக என் அம்மாவிடம் வந்து, “எனக்கு எந்தத் தூணுக்கா?” என்றார்.

மில்லுக்குப் பின்னால் இருந்த சந்துக்குத் தூண் கிடையாது. எங்கள் தூண்களில் ஒன்றைக் காட்டியிருக்கலாம். காட்டத்தான் அம்மா வாயெடுத்தாள், நான் பார்த்தேன். அதற்குள் என் பெரியம்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. எந்த ஊர், என்ன ஜனம் என்று விசாரித்தாயா, பீடத்துப் பக்கம் கைவைக்க விட்டுவிடாதே என்றார். வேதக்காரர்களுக்குள் இதெல்லாம் கிடையாது என்று வெளியாருக்குச் சொல்லிக்கொள்வோம். உள்ளே எப்படி இருந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அம்மா திரும்பினாள். அந்த அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தை மெதுவாக வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

“நீ எதுக்கும்மா இதெல்லாம் செய்யணும்? நீ எங்க விருந்தாளி. ஒக்காரு.”

என்னைக் கூப்பிட்டு, சாமியார் அறையிலிருந்து பிரம்பு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாள். ஆயர் வந்தால் போடுகிற நாற்காலி அது. பெருமையாக இருந்தது எனக்கு. தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, வாசலோரம் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துப் போட்டேன். மதாம் கலர் சோடா ஒன்று உடைத்துக் கொடுத்தார். அந்த அம்மா உட்கார்ந்தார். தூக்கிச் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே நூறு பெண்கள் நனைந்துகொண்டு சிரித்தார்கள். சிநேகிதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் மெழுகு சுரண்ட அவளை இழுத்துவந்தேன். இரண்டு சுரண்டு சுரண்டியிருப்பாள். பாவம், பிள்ளையை நனைக்காதீங்க என்று யாரோ அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி நாற்காலி அருகில் விட்டார்கள். அவள் போட்டிருந்தது என் பழைய கவுன்.

அம்மா அன்பினால்தான் உட்காரவைத்தாளா, பெரியம்மா சொன்னதற்காகவா? வெகுகாலம் இதை மனசில் போட்டு உருட்டியிருக்கிறேன். இரண்டும் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. அன்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று என் அம்மாவுக்காக நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அதில் என்ன வித்தியாசம்?

மத்தியானம் அவர் எழுந்து, சோடா பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நனையாத துடைப்பத்தை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போனார்.

குருத்து ஞாயிறுக்கு வரவில்லை. பெரிய வியாழனுக்கும் வரவில்லை. பெரிய வெள்ளியும் சனியும், மணி அடிக்காமல் கட்டை தட்டிக் கூப்பிடுகிற அந்த இரண்டு நாளும், சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலைப் பார்த்தாள். பாஸ்கா ஞாயிறு காலையில் வெள்ளைப் புடவையும் எனக்கு எடுத்ததுபோலவே ஒரு வெள்ளைக் கவுனும் மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டியருகே உபதேசியார் நின்றுகொண்டே இருந்தார். சாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். அம்மாவின் முதுகு அன்று எவ்வளவு நேராக இருந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினாள். சந்து முழுக்கப் பஞ்சு பறந்தது. அந்த அம்மா என்னை உட்காரவைத்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே, அம்மா உங்களுக்குப் புடவை எடுத்துவைத்துக் காத்திருந்தாள் என்று சொன்னேன். அவர் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார்.

“குடுக்கறதுக்கு இன்னமும் இருக்குதா?” என்றார். குரலில் கோபமில்லை. “அப்புறமா வரேன்னு சொல்லும்மா.”

அந்த முதல் வாக்கியத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வருவார்களாம் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தால் அம்மா எழுந்து ஓடியிருப்பாளோ என்னவோ. இந்தப் பாரம் என்னுடையது, யார் தலையிலும் வைக்க முடியாது.

அவர்கள் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது என் பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. சிநேகிதியைச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். காரணம் வேண்டுமே? புருஷன்காரன் தடுத்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. உபதேசியார் உறுதிப்படுத்தினார். சாமியார் பேர் சொல்லாமல் பிரசங்கத்தில் வைத்தார். என் அம்மா சாகும்வரை அதையே நம்பினாள். படுக்கையில் கிடந்த கடைசி வருஷத்தில்கூட, அந்தப் புருஷன்காரன் மனசு மாறணும்னு வேண்டிக்கோ என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நானும் வேண்டியிருக்கிறேன்.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டுவிட்டு வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மாளோடு பொழுதுபோகப் பேசினேன். வீடு கருவடிக்குப்பம் என்றார். எங்கே படித்தீர்கள் என்று பேச்சு வந்தது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷம், அதுவும் பாதி வருஷம் என்றார். என் கவுனைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மங்கலான கண்ணோடு இருவரும் சிரித்தோம்.

உங்கள் அப்பா தடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம் என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கப்பாவா? வாரா வாரம் சைக்கிள எடுத்துக்கினு வந்து, போ, போன்னு அவருதான் சொல்லுவாரு. எங்கம்மாதான் மாட்டேன்னுச்சு. மில்லுல ஒங்க கோயில் ஆளுங்க அப்புறம் அவருகிட்ட மொகம் குடுத்தே பேசல. ஏன்னு தெரியாமலே செத்துப்போனாரு.”

மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதர் இல்லை. மருந்தால் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள்தான் மிச்சத்தைச் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து அரியாங்குப்பத்தில் ஓலைக் கொட்டகையில் இருந்த ஒரு சின்னச் சபைக்கு அவள் அம்மா போயிருக்கிறார். பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்களாம். முதல் நாள், நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க என்று யாரும் கேட்கவில்லை. ஆள் குறைவாக இருந்ததால், பாய் விரிக்க ஒரு கை பிடிங்கம்மா என்றார்களாம். அதோடு சரி. முப்பது வருஷம் அந்தச் சபையைத் திறந்ததும் மூடியதும் அவர்தான். அங்கேயே அடக்கமும் ஆனது.

எங்கள் மேல் கோபம் இருந்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். அவ்வளவு நல்லவங்களைப் பார்த்ததில்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வருஷா வருஷம் எங்கள் கோயில் திருவிழாவன்று ஆற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். கோயிலுக்கு எதிர்ச்சாரியில் மூடிய கடைப் படியில் நின்று மாதா தேரைப் பார்ப்பார். தேர் உள்ளே போகும்வரை வாய் மந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் அந்தத் தேருக்குப் பின்னால் எத்தனை வருஷம் மெழுகுவர்த்தியோடு நடந்திருக்கிறேன். ஒருதடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

“இவ்ளோ தூரம் வந்துட்டு ஏம்மா இங்கயே நிக்கிற, உள்ள போலாம் வான்னு கேப்பேன். எங்கம்மா வராது. ‘வேணாம்டி, நான் போனா அவங்க எல்லாம் எழுந்து எடம் வுடுவாங்க. பாவம், எதுக்குத் தொந்தரவு’ன்னும்.”